எதிர்வீட்டுத் துக்கம்

பையை மேல வைங்க தம்பி. ஏறுனதுலேருந்து பாக்குறேன், மடியிலயே அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வர்றீக. கால் மரத்துப் போயிரும். மேல எம்புட்டு எடம் கெடக்கு... வேண்டாமா? சரி, அவுகவுக சாமான் அவுகவுகளுக்கு.

ராமேஸ்வரந்தானே? மொட்டையப் பாத்ததுமே நெனச்சேன். மீசையையும் எடுத்திருக்கீக. எங்க, பழனியா? அங்க முடிச்சிட்டு அப்படியே கடலாடப் போறீகளாக்கும். நல்லது, இந்த வயசுல பக்தி வர்றது நல்லது. நான் மானாமதுரையில ஏறுனேன், ராமநாதபுரம் வரைக்கும் போறேன். ஒரு சோலி. சோலின்னா... சோலிதான்.

அந்தச் சன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க, காத்து வரட்டும். இல்ல, பின்னாடி யாரோ இருமுனாக. எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல, அதெல்லாம் அப்பவே போச்சு. எங்க வீட்டுலதான் இன்னமும் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுறா. நான் இந்தா, சட்டைப் பையில ஒரு சின்ன பாட்டில் வச்சிருக்கேன், அம்புட்டுத்தான். பஸ் கம்பியைப் பிடிச்சா ரெண்டு சொட்டு. கடையில நோட்டு வாங்குனா ரெண்டு சொட்டு. பழக்கம், வேற ஒண்ணுமில்ல.

என் பேரு வெள்ளைச்சாமி. உரக்கடை வச்சிருக்கேன். எங்க ஊர்ல யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க, எழவு வீடுன்னா முதல் ஆளு வெள்ளைச்சாமிதான்னு சொல்லுவாக. சொல்லுவாகன்னா, சொன்னாக, அப்ப. சேதி காதுல விழுந்துச்சுன்னா பாதிச் சோத்துல கையக் கழுவிட்டு எந்திரிச்சிருவேன். பந்தலுக்குச் சொல்றது, ஐஸ் பெட்டிக்கு ஆளனுப்புறது, வெளியூர்ச் சொந்தத்துக்குப் போன் போடுறதுன்னு எல்லாம் நான்தான். வீட்டு ஆளுக அழுகணும், மத்தவன் ஓடணும், அதுதானே மொறை? மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன் தம்பி, இந்த ஆளு வீட்டுல சாவு விழுந்திருக்குன்னு. அப்படி ஒரு கண்ணு எனக்கு.

உங்க பக்கம் துக்கம் எப்படிக் கேப்பீக? எங்க பக்கம் வாயே தெறக்க வேண்டியதில்ல. செத்த வீட்டு ஆம்பளையாளுக வாசல்ல ரெண்டு கையையும் இப்படி நீட்டிக்கிட்டு நிப்பாக. போறவன் அந்தக் கையைத் தொடணும். தொட்டுட்டான்னா கேட்டாச்சு. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எந்திரிச்சு வந்துரணும், போயிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லக் கூடாது. துக்க வீட்டுக்குத் திரும்ப வர்றேன்னு எவனாச்சும் சொல்லுவானா? சொல்லிக்காமத்தான் வரணும்.

இன்னொரு மொறை இருக்கு, அதுலதான் நான் மாட்டிக்கிட்டுக் கெடக்குறேன். துக்கம் கேக்காதவன் அந்த வீட்டு நல்லதுக்குப் போகக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் கூடாது. கேட்டதுக்கப்புறந்தான் கை நனைக்கலாம். சரி, கல்யாணத்துக்கு முன்னாடி போய்க் கேட்டுரலாமேன்னா, முகூர்த்தக்கால் ஊண்டுன வீட்டுல துக்கத்தப் பேசக் கூடாது. அப்ப நான் என்னதான் செய்ய?

காசிலிங்கம் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம்.

காசின்னா எங்க எதிர் வீடு. ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்க. அவன் பெஞ்சாதி பூரணம், அதுக்குக் கூடப் பெறந்தவுக யாரும் கெடையாது. வாக்கப்பட்டு வந்த புதுசுல ஒருநா கொழம்புச் சட்டியத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, "அண்ணே, உப்புப் பாருங்க, இவுக பொய் சொல்றாக"ன்னுச்சு. அன்னையிலேருந்து நான்தான் அண்ணன். அவுக மகள் கௌசல்யாவுக்குக் காதுகுத்துனது என் மடியிலதான். தாய்மாமன் மடின்னா சும்மாவா? பிள்ளை என் வேட்டிய நனச்சிருச்சு, ஊரே சிரிச்சுச்சு.

வேர்க்கடலை எடுத்துக்கோங்க தம்பி. வேண்டாமா? ஏறுனதுலேருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கலையே. விரதமா?

அந்தக் கொரோனா ரெண்டாவது அலை வந்துச்சுல்ல, அதுல பூரணம் போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நடந்துதான் போச்சு, வண்டியில ஏறுறப்ப எங்க சன்னலப் பாத்துக் கையாட்டுச்சு. காசிக்கும் மகளுக்கும் நோய் இருந்துச்சு, ஆனா வீட்டோடயே இருந்தாக. ஆளுக வந்து அவுக வாசலை அடைச்சுத் தகரம் அடிச்சாக. அடிக்கச் சொன்னது நான் இல்ல. தெருவுல எல்லாருமாச் சேந்து சொன்னது. எல்லாரும்னா அதுல நானும் இருந்திருப்பேன், இல்லேங்கல.

ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சுடுகாட்டுக்குன்னு சொல்லிட்டாக. அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் நல்ல மனுசன். காசி போன்ல கெஞ்சுனான்னு வண்டிய வாசல்ல கொஞ்சம் நிறுத்துனான். மூஞ்சி தெரியல, சுத்தியிருந்துச்சு. எங்க ஊர்ல ஒரு பொம்பளை செத்தா பெறந்த வீட்டுலேருந்து கோடி, புதுச் சேலை, வரணும். கோடிச் சேலை விழாம எந்தப் பொம்பளையும் வீட்டை விட்டுக் கெளம்புனதில்ல. நான் சேலை எடுத்து வச்சிருந்தேன் தம்பி. கடையெல்லாம் அடச்சுக் கெடந்துச்சு, என் பெஞ்சாதி மரகதம் தீவாளிக்கு எடுத்து மடிப்புக் கலையாம வச்சிருந்த சேலை. அதக் கையில வச்சுக்கிட்டுச் சன்னலுக்குப் பின்னாடி நின்னேன். குறுக்க ரோடு மட்டுந்தான். வண்டி மேல போட்டாக் கூடப் போதும், அந்த டிரைவர் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டான். நான் வாசல்ல எறங்கல.

வண்டி போயிருச்சு. தெருவுல ஒரு சன்னல் தெறக்கல. அப்ப காசி வீட்டு வாசல் தகரத்துக்கு மேல ரெண்டு கை வந்துச்சு. ஆளு தெரியல, தலையும் தெரியல, நீட்டுன கை மட்டுந்தான். அவனுக்கும் எதிர்ல யாரு நிக்கிறான்னு தெரியாது, அந்தப் பக்கத்துலேருந்து பாக்க முடியாது. ஆனா எங்க வீட்டைப் பாத்துத்தான் நீட்டுனான்.

நான் சன்னல் துணிய இறக்கிட்டேன்.

பயம் தம்பி. அப்ப எல்லாருக்கும் இருந்த பயந்தானே? நீங்க சொல்லுங்க, அப்ப யாரு வெளிய வந்தா? எத்தனையோ வீட்டுல பெத்த மகனே வரல. நான் யாரு, ஒட்டுன ஒறவு.

இதையும் கேளுங்க. மரகதம், எங்க வீட்டுல, பாக்கெட்டுக் கழுவுறவன்னு சொன்னேன்ல, அவ போயிருக்கா. தகரத்தை எடுத்த ரெண்டாம் நாளே கொல்லைப் பக்கமாப் போயி அந்தப் பிள்ளையக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு வந்திருக்கா. எனக்குச் சொல்லல. தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட நிக்கிறா, எங்கடி போனேன்னு கேட்டா, "பூரணத்து வீட்டுக்கு"ங்குறா. எனக்கு வந்துச்சே கோவம். ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? ரெண்டு வாரம் மாடியில தனியாப் படுத்தேன். சோத்தைப் படியில வச்சிட்டுப் போயிருவா. நாக்குல உப்புத் தெரியுதா தெரியுதான்னு நான் பாட்டுக்குச் சோதிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

அப்புறம் போகலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. செவ்வாய், வெள்ளி துக்கம் கேக்கக் கூடாது. மத்த நாள்ல கடை. அப்புறம் ஆடி வந்துச்சு. அப்புறம் முப்பதாம் நாக் காரியமும் கழிஞ்சு போச்சே, இனிப் போயி ஆறுன புண்ணைக் கிளறவான்னு தோணுச்சு. தீவாளிக்குப் பலகாரம் குடுத்து விடுற சாக்குல போகலாம்னா, துக்க வீட்டுக்குத் தீவாளி ஏது? வருசத் திதிக்குப் போயிரணும்னு வேட்டியெல்லாம் தேச்சு வச்சேன். அன்னைக்குன்னு பாத்து எனக்குத் தொண்டை கரகரன்னுச்சு. அவனுக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது? அவன் நன்மைக்குத்தான் போகல.

வாசல் வழியாப் போனா எதிர்ல அவன் நாக்காலி. அதனால கொல்லைக் கதவு வழியா சந்துல எறங்கி கடைக்குப் போக ஆரம்பிச்சேன். முந்தியெல்லாம் அந்தச் சந்துல நாய்கூடப் போகாது. ஒருநா போறேன், எதுக்க ஓய்வு வாங்குன தபால்காரரு வர்றாரு. அவரு துக்கம் கேக்க வேண்டிய வீடு பெரிய தெருவுல ரெண்டு இருக்கு, அதனால அவருக்கும் சந்துதான் வழி. அப்புறம் மாவு மில்லுக்காரரு. அப்புறம் டெய்லர். பாத்தா ஊர்ல பாதிப் பேரு அந்தச் சந்துலதான் போறான் வர்றான், கடைவீதி காலியாக் கெடக்கு. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். செவுத்தைப் பாத்துக்கிட்டே ஒதுங்கிப் போயிருவான். நோய் போயிருச்சு தம்பி, தகரத்தைக் கழட்டியாச்சு, எல்லாம் பழையபடி ஆச்சுன்னு சொல்றாக. எங்க ஊரு இன்னும் சந்துலதான் நடக்குது.

சரி, நான் சொல்ல வந்தது காசி பண்ணுன காரியம். அதைக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

போன மாசம் பத்திரிகையத் தூக்கிக்கிட்டு அவனே வந்துட்டான். இத்தனை வருசத்துல அந்த ரோட்டைத் தாண்டி வந்தது அன்னைக்குத்தான். "தங்கச்சி"ன்னு அவன் கொரல் கேட்டுச்சு. நான் அப்படியே குளியலறைக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக் கொழாயத் தெறந்து விட்டுட்டேன். குளிக்கிறாப்புல. அவன் போவான்னு பாத்தா போகல. ஒக்காந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறான். பிள்ளை வேலையப் பத்திப் பேசுறான், மாப்பிள்ளை ஊரைப் பத்திப் பேசுறான். வாளி ரொம்பி வழிஞ்சு தரையெல்லாம் தண்ணி ஓடுது. நான் சட்டை வேட்டியோட ஓரமா நிக்கிறேன்.

கடைசியில எந்திரிச்சு, குளியலறைக் கதவுக்குக் கிட்டக்க வந்து நின்னு சொல்றான். மரகதத்துக்குச் சொல்றாப்புல, ஆனா எனக்குக் கேக்கணும்னே. "தங்கச்சி, தாய்மாமன் அவன்தான். பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அவன்தான் கூட்டிட்டு வரணும். வேற ஆளை நான் பேசி வைக்கல. பூரணத்துக்குக் கேக்க வேண்டியதையும் அங்கயே வந்து கேட்டுக்கட்டும். ஊரு என்ன சொன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

கேட்டீகளா? கல்யாண வீட்டுல வந்து துக்கம் கேக்கணுமாம். மாலையும் கையுமா நிக்கிறப்ப, மேளம் வாசிக்கிறப்ப, நான் போயி எழவு கேக்கணும். எப்படிக் குத்துறான் பாத்தீகளா? ஏண்டா வரலேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன். இது ஊர் கூடுன எடத்துல எனக்குக் கருப்பு மையப் பூசுற வேலை. மரகதம் அப்படியில்லங்குறா. "அவுக கண்ணுல தண்ணி நின்னுச்சு"ங்குறா. இவளுக்கு என்ன தெரியும், இவதான் கேட்டு முடிச்சுட்டாள்ல. நேத்தே மண்டபத்துக்குப் போயிட்டா. என் பட்டு வேட்டியக் கட்டில்ல எடுத்து வச்சிட்டுப் போயிருக்கா.

அதான் நான் கெளம்பிட்டேன். ராமநாதபுரத்துல எனக்கு ஒரு சோலியும் இல்ல தம்பி. லாட்ஜ்ல ரூம் போட்டுப் படுத்துட்டு, நாளைக்குத் தாலி கட்டி முடிச்சதும் திரும்பிருவேன். அவசர வேலையாப் போயிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாக. நம்பாட்டிப் போறாக.

பரமக்குடி வந்துருச்சு. யப்பா, என்ன கூட்டம். தம்பி, அந்தம்மா பிள்ளையும் கையுமா நிக்கிது, ஓரமா ஒரு ஆளு ஒக்காரலாம். கொஞ்சம் நகருங்க. அட, அந்தப் பையை இங்க குடுங்க, நான் மேல வச்சிர்றேன், ஒண்ணும் ஆகாது... விடுங்கங்குறேன்ல...

என்னது இது?

கலயமா?

யாரு தம்பி?

... அம்மாவா.

இந்தாங்க. பிடிச்சுக்கோங்க. மடியிலயே இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் ஒக்காருத்தா, இங்க எடமில்ல.

மானாமதுரையிலேருந்து வர்றேன். பழனியான்னு கேட்டேன். கடலையத் தின்னச் சொன்னேன். மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்னு ஒங்க மூஞ்சியப் பாத்தே சொன்னேன். நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. பேசட்டும்னு விட்டுட்டீகளா? நாக்கைப் பிடுங்கிக்கிறாப்புல இருக்கு எனக்கு.

எப்ப தம்பி? ... சீக்காவா? ... ம். வயசாளி, தூக்கத்துல போயிருச்சு. அந்த மட்டுக்கும் புண்ணியவதி. நெறையப் பேரு வந்தாகளா?

என்னது, படமா? போன்லயா? கை கூப்புற படம்... அம்புட்டுப் பேரும் அதுதானா? சொந்தக்காரங்க கூடவா? அப்ப பழகிருச்சு, அன்னைக்கு நோய்க்குப் பயந்து அனுப்புனான், இன்னைக்கு அதுவே போதும்னு ஆயிருச்சு. கையைத் தொட்டு ஒருத்தருமே கேக்கலையா தம்பி?

நீட்டுங்க. ரெண்டு கையும். கலயத்தை மடியில நல்லா அணைச்சு வச்சுக்கிட்டு நீட்டுங்க. இருங்க, என் கை வருது. வரும். கொஞ்சம் பொறுங்க தம்பி, அந்த வருசத்துலேருந்து நான் யாரையும்... என் பேத்தியக் கூட... பொறுங்க.

ம்.

சூடா இருக்கு ஒங்க கை. மனுசன் கை இம்புட்டுச் சூடா இருக்கும்கிறதே எனக்கு மறந்து போச்சு.

ஐயோ. பாத்துட்டீகளா? வேணும்னு எடுக்கல தம்பி, பெத்த தாய் சத்தியமா வேணும்னு எடுக்கல. கை தானா சட்டைப் பைக்குப் போயிருச்சு. ஒங்களைத் தொட்ட கை, அதுக்குள்ள பாட்டில் மூடியத் தெறந்திருக்கேன். அசிங்கமா இருக்கு. இப்படி ஆயிட்டேன் பாருங்க. எழவு வீட்டுக்கு முதல் ஆளாப் போனவன் தம்பி நானு.

என்ன? எதுக்கு இப்பக் கையை நீட்டுறீக?

ஒங்களுக்குமா?

ஒங்களுக்கு வேண்டியதில்ல. எனக்குத் தெரியுது. நான் வெக்கப்படக் கூடாதுன்னு கேக்குறீக. இந்தாங்க, ரெண்டு சொட்டு. தேச்சுக்கோங்க. ஒங்களை நல்லா வளத்திருக்காக ஒங்க அம்மா.

தம்பி, காசியும் இப்படித்தான் சொன்னானோ? கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு... தண்ணி ஓடுற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்ல. நான் குளிக்கலேன்னு தெரிஞ்சிருக்கும்ல. தெரிஞ்சுதான் அம்புட்டு நேரம் ஒக்காந்திருந்தான். வேற ஆளைப் பேசி வைக்கலேன்னான். குத்துற கொரல் இல்ல தம்பி அது. நான்தான் அப்படிக் கேட்டுக்கிட்டேன்.

கண்டக்டரு, இருப்பா, விசில் ஊதாத. எறங்கணும். ராமநாதபுரத்துக்குத்தான்யா டிக்கெட்டு, பரவாயில்ல, எறங்குறேன். மானாமதுரை வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?

கல்யாணத்துல போயி நிப்பேனான்னு கேக்காதீக. தெரியல. தெருமுக்கு வரைக்கும் போயிட்டு இந்தக் காலு சந்துக்குள்ள திரும்புனாலும் திரும்பிரும், அப்படிப் பழகிக் கெடக்கு. பீரோவுல அந்தச் சேலை இன்னும் மடிப்புக் கலையாம இருக்கு. பூரணத்துக்குப் போடாத கோடிய அதோட மக கையில குடுக்கலாமா, கூடாதான்னு எனக்குத் தெரியல. காசிகிட்டத்தான் கேக்கணும். இத்தனை வருசத்துல அவன்கிட்டக் கேக்குறதுக்குன்னு ஒண்ணு இருக்கு பாருங்க.

அம்மாவப் பத்திரமாக் கொண்டு போங்க. கடல்ல எறங்குறப்ப பாசி வழுக்கும், பாத்து எறங்குங்க.

அப்ப நான்...

இல்ல. துக்கம் கேட்டவன் சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது.